சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் விஸ்ட்ரீ ஆப் போட்டுப் பாருங்க

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபைலையெல்லாம் சேமித்து வைக்கிற டிஸ்க் 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 238 என்றுதான் காட்டும். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான், நடுவில் யாரும் திருடவில்லை. அந்த 238-இல் போன மாதம் காலியாக இருந்தது 3.1 ஜிபி. 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி டிரைவின் பட்டை முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்பை நான் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டியில் பெட்ரோல் ரிசர்வில் ஓடுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்ததும் 11-க்கு மாறியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால், இடம் போதாது என்று இன்ஸ்டாலரே கையை விரித்துவிட்டது. சென்னிமலையிலிருந்து சிபியூவைத் தூக்கி மொபெட்டில் முன்னால் வைத்துக்கொண்டு ஈரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஆன் செய்து பார்த்தார், பத்து வினாடி இருக்கும், "ஏனுங்க, 256 எல்லாம் இந்தக் காலத்துக்குப் பத்தாதுங்க. 1 டிபி புதுசு போட்டு, ஃபார்மட் அடிச்சு, 11 ஏத்திக் குடுத்தறேனுங்க" என்றார். கூலியோடு சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் சொன்னார். "உள்ளே எது இவ்வளவு இடத்தை அடைச்சிருக்குதுங்க?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் டெம்ப் ஃபைலுங்க" என்றார், புரோகிராம்கள் தற்காலிகமாக எழுதிப்போடுகிற ஃபைல்களைச் சொல்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, ஒரு நாளைக்கு இருபது பேர் வருகிற கடையில் நம் ஃபோல்டரை நோண்டிக்கொண்டு அவர் உட்கார முடியாது. ஆனால் அந்த பதில் மட்டும் எனக்கு இறங்கவில்லை. பெட்ஷீட் வியாபாரம் செய்கிற எனக்கு ஏழாயிரம் ரூபாய் என்பது லாபத்தில் எத்தனை ஜோடி என்று மனசு கணக்குப் போட்டது, சிபியூவைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததும் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. விளம்பரத்தில் வந்த ஏதோ ஒரு கிளீனர் ஆப்பை இறக்கினேன், பெயர் வேண்டாம். ஸ்கேன் என்று ஓடி, நாலாயிரத்துச் சொச்சம் பிரச்சினை இருக்கிறது என்று சிவப்பில் மிரட்டியது. வருடத்துக்கு ஆயிரத்து ஐநூறு கட்டினால் எல்லாவற்றையும் சரிசெய்கிறதாம். இலவசமாக எவ்வளவு செய்யுமோ அவ்வளவு செய் என்று அமுக்கினேன். 900 எம்பி காலியாயிற்று. அதோடு பிரவுசரின் குக்கீ எல்லாம் போய், மெயிலிலிருந்து கரண்ட் பில் வரை எல்லாத் தளத்திலும் லாக்-அவுட். அன்று சாயங்காலம் முழுக்க ஓடிபி வாங்கியே கழிந்தது.

அப்புறம்தான் விஸ்ட்ரீ. இது எதையும் சுத்தம் செய்யாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'உங்கள் கம்ப்யூட்டரை வேகமாக்குகிறோம்' என்கிற வசனம் எதுவும் கிடையாது. எந்த ஃபோல்டர் எத்தனை ஜிபி சாப்பிட்டிருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசை போட்டுக் காட்டும், அவ்வளவுதான் வேலை. எனக்கு அது போதுமாக இருந்தது.

சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் அமுக்கினேன். டீ டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. லட்சக்கணக்கான ஃபைல் இருக்கிற டிஸ்கை இவ்வளவு சீக்கிரம் எப்படிப் படித்தது என்று சந்தேகம் வரும். அது ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்ப்பதில்லை. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் 'மாஸ்டர் ஃபைல் டேபிள்' என்று ஒரு பதிவேடு இருக்கும். எந்த ஃபைல், என்ன பெயர், எவ்வளவு அளவு, எல்லாம் அதில் எழுதியிருக்கும். விஸ்ட்ரீ நேராக அந்தப் பதிவேட்டை எடுத்துப் படித்துவிடுகிறது. குடோனில் பேல் பேலாக எண்ணாமல் ஸ்டாக் நோட்டைப் பார்க்கிற மாதிரி. அதனால்தான் திறக்கும்போது அட்மின் அனுமதி கேட்கிறது, கொடுங்கள். பென் டிரைவ் பெரும்பாலும் வேறு ஃபார்மட்டில் இருப்பதால் அதில் இந்த வித்தை நடக்காது, சாதாரண வேகத்தில்தான் படிக்கும்.

மேலே பட்டியல், கீழே திரை அகலத்துக்கு ஒரு வண்ணப் படம். ஒவ்வொரு ஃபைலும் ஒரு கட்டம், பெரிய ஃபைலுக்குப் பெரிய கட்டம், வகைக்கு ஒரு நிறம். அம்மா காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, நம்ம பெட்ஷீட்டாட்டம் கட்டங்கட்டமா இருக்குது" என்றார். நாற்பது வருடம் தறிச் சத்தத்தில் வாழ்ந்தவர் வாயில் வேறு எது வரும். ஆனால் அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டப் படம் பிறந்த கதையும் நம்ம கதைதான். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேன் என்ற பேராசிரியர், 1990-இல், அவருடைய ஆய்வுக்கூடத்து ஹார்டு டிஸ்க் நிறைந்துபோய், யாருடைய ஃபைல் இடத்தை அடைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் யோசித்து உருவாக்கியது. ட்ரீமேப் என்று பெயர். அந்த டிஸ்க் 80 எம்பி, அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் 14 பேர். எங்கள் தங்கச்சி கல்யாண வீடியோவில் 80 எம்பி என்பது ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். மாப்பிள்ளை அழைப்பில் மேளக்காரர் வாசல் தாண்டக்கூட பத்தாது.

கல்யாண வீடியோ என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். படத்தில் ஒரே நிறத்தில், ஒரே அளவில் மூன்று பெரிய கட்டங்கள் தெரிந்தன. அமுக்கிப் பார்த்தால் மூன்றும் தங்கச்சி கல்யாணம். ஸ்டுடியோக்காரர் பென் டிரைவில் கொடுத்ததை நான் டெஸ்க்டாப்பில் ஒருமுறை காப்பி செய்திருக்கிறேன். ஒறம்பரைக்கு (சொந்தக்காரர்களுக்கு) அனுப்ப ஜிப் கேட்டபோது டவுன்லோட்ஸில் ஒருமுறை. மூன்றாவது 'நியூ ஃபோல்டர் 2' என்ற பெயரில், எப்போது, எதற்கு என்று சத்தியமாக நினைவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரும் 29 ஜிபி. அதில் இரண்டரை மணி நேர வீடியோ மட்டும் 11, மீதி எல்லாம் பெரிய சைஸ் போட்டோ. 58 ஜிபி சும்மா கிடக்கிறது! கடைக்காரர் சொன்ன டெம்ப் ஃபைல் எல்லாம் சேர்த்துத் தேடினாலும் 2 ஜிபி தேறவில்லை.

உடனே இரண்டை அழிக்கப் போனேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இணைச்சீர் வீடியோவ மட்டும் அழிச்சுப்போட்டறாத சாமி." இணைச்சீர் எங்கள் பக்கத்துக் கல்யாணச் சடங்கு. அழிக்கமாட்டேன், ஒன்று இருக்கும் என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பட்டியலில் ஃபைல் எண்ணிக்கையைப் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் 1,846. டவுன்லோட்ஸில் 1,846. நியூ ஃபோல்டர் 2-இல் 1,851. அந்த ஐந்து என்ன என்று தேடிப்பிடித்தால், எங்கள் அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) கல்யாணப் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் மாமன் மகன் போனில் எடுத்து எனக்கு அனுப்பிய போட்டோக்கள். அம்மாயி இப்போது இல்லை. வெறும் சைஸ் மட்டும் பார்த்திருந்தால் 29-ம் 29-ம் ஒன்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு அந்த ஃபோல்டரைத் தூக்கியிருப்பேன், ஐந்து போட்டோ சேர்ந்து 20 எம்பிகூட வராது, ஜிபி கணக்கில் அது தெரியவே தெரியாது. அதனால் காப்பியை அழிக்கிறவர்கள் அளவோடு எண்ணிக்கையையும் பாருங்கள். நான் அந்த மூன்றாவதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்தேன். அசல் பென் டிரைவ் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது, அதையும் ஒருமுறை போட்டுப் பார்த்து ஓடுகிறது என்று உறுதி செய்த பிறகுதான் அழித்தேன்.

அடுத்த பெரிய கட்டம் 38 ஜிபி. உள்ளே உள்ளே போனால் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் ஆப்பிள் பெயரில் ஒன்று, மொபைல்சிங்க், பேக்கப், கடைசியில் எண்ணும் எழுத்துமாக நீளமான பெயரில் ஒரு ஃபோல்டர். எங்கள் வீட்டில் யாரிடமும் ஐபோன் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது, தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை 'போன் மாத்தறேனுங்க மச்சான், ஒரு பேக்கப் எடுத்துக்கறேன்' என்று ஒரு மத்தியானம் முழுக்க ஒயரை மாட்டி வைத்திருந்தார். போன் போட்டுக் கேட்டேன். "அந்த போனையே வித்துட்டனுங்க, அழிச்சிருங்க மச்சான்" என்றார். இரண்டு வருடமாக என் டிஸ்கில் ஆறில் ஒரு பங்கை ஒரு விற்றுப்போன போன் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஆப்டேட்டா ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாது, விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும், அதனால் கையால் தேடினால் கிடைக்காது. பேக்கப்பை அழிப்பதானால் ஃபோல்டரை நேராக அழிப்பதைவிட, பேக்கப் எடுத்த ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஆப் உள்ளே போய் அழிப்பது முறை.

வாட்ஸ்அப் 14 ஜிபி. இது முழுக்க என் தொழில் செய்த வேலை. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை ஓடும், அதற்கு முன்னால் இரண்டு நாள் டிசைன் போட்டோவும் வீடியோவும் வந்துகொண்டே இருக்கும், கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்து பார்க்கிற ஒவ்வொன்றும் அங்கேயே தங்கிவிடும். இதில் 11 ஜிபியைப் பொறுக்கி டெலிட் செய்தேன். செய்துவிட்டுப் பார்த்தால் சி டிரைவில் காலியிடம் ஒரு எம்பிகூட ஏறவில்லை. என்னடா இது என்று கொஞ்ச நேரம் விழித்தேன். ரீசைக்கிள் பின்னுக்குப் போயிருக்கிறது, அந்த பின்னும் அதே சி டிரைவில்தானே இருக்கிறது. வீட்டுக் குப்பையை அள்ளித் திண்ணையில் வைத்த கதை. பின்னைக் காலி செய்தபிறகுதான் இடம் வந்தது. ரொம்பப் பெரிய ஃபோல்டரை அழிக்கும்போது மட்டும் 'இது பின்னில் கொள்ளாது, நிரந்தரமாக அழியும்' என்று கேட்கும், கல்யாண ஃபோல்டருக்கு அப்படித்தான் கேட்டது, அங்கே ஒரு நொடி நிதானித்து எஸ் கொடுங்கள்.

ஆக 3.1 ஜிபி 110 ஆனது. செலவு பூஜ்யம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரிசிம்பருப்பு சாதம் ஆறுவதற்குள்.

11 ஏற்றினேன், நன்றாகவே ஏறியது. ஏறிய பிறகு பார்த்தால் 110 இருந்தது 79 ஆகிவிட்டது. மறுபடி விஸ்ட்ரீ. இந்த முறை 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர், 24 ஜிபி. பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பிப் போக விண்டோஸ் பழசை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறது, பத்து நாளில் அதுவே அழித்துவிடும். நான் ஒரு வாரம் பார்த்துவிட்டு, பிரிண்டர் எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்தபின் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாகப் போய் டிக் போட்டு அழித்தேன். அந்த டிக் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அதில் டிக் விழுந்தால் உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரே காலி. எல்லாவற்றிலும் டிக் போட்டுத் தள்ளுகிற பழக்கம் உள்ளவர்கள் அங்கே கையை அடக்குங்கள்.

ஹைபர்ஃபில்.சிஸ் என்று 6.4 ஜிபியில் ஒரு ஃபைலும் தெரியும். ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைக்கும்போது, ராமில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை எழுதி வைக்கிற இடம், வழக்கமாக ராமில் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும், என்னிடம் 16 ஜிபி ராம் என்பதால் இந்த அளவு. இதை டெலிட் பட்டனால் அழிக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்வுக்கோடு ஹெச், இன்னோர் இடைவெளி, ஆஃப் என்று அடித்தால் அதுவே மறைந்துவிடும். கூடவே கம்ப்யூட்டரைச் சீக்கிரம் ஆன் ஆக வைக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும், எஸ்எஸ்டியில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்பேன், சார்ஜ் தீரும்போது உங்கள் வேலையைக் காப்பாற்றுவது அந்த ஃபைல்தான்.

விஸ்ட்ரீக்கு ஐந்தில் நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், அதற்கு எல்லாக் கட்டமும் ஒன்றுதான். அம்மாயி போட்டோவும், வாட்ஸ்அப் குப்பையும், விண்டோஸின் உயிர்நாடியும் ஒரே மாதிரிதான் வரிசையில் நிற்கும், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று அது சொல்லாது, ரைட் கிளிக்கில் டெலிட் மட்டும் தயாராக இருக்கும். விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களை வைத்திருக்கிற வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர் பல ஜிபி காட்டும், அதைக் கையால் தொட்டால் விண்டோஸ் படுத்துவிடும். அதில் குறைக்க வேண்டியதை 'டிஸ்க் கிளீனப்'பில் விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்ற டிக் பார்த்துக்கொள்ளும். பேஜ்ஃபைல்.சிஸ், ராம் பத்தாதபோது விண்டோஸ் பயன்படுத்துகிற ஃபைல், அதையும் விட்டுவிடுங்கள். என் விதி சுலபம்: விண்டோஸ் ஃபோல்டருக்குள் எதுவும் என் சொத்து இல்லை, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் என் பெயரில் இருப்பது மட்டும்தான் என் பொறுப்பு. சின்னப் பசங்களிடம் இதைத் திறந்து கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, ஃபைலை இன்டர்நெட்டில் சேமித்து வைக்கிற ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் 'சைஸ்' பத்தியைப் பார்க்காமல் 'அலொகேட்டட்' பத்தியைப் பாருங்கள். மேகத்தில் மட்டும் இருக்கிற ஃபைல், சைஸில் பெரிதாகத் தெரிந்தாலும் உங்கள் டிஸ்கில் இடமே பிடித்திருக்காது. அதை அழித்தால் இங்கே இடமும் வராது, அங்கே ஃபைலும் போய்விடும்.

விலை விஷயம். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், விருப்பப்பட்டால் நன்கொடை. கம்பெனியில் போட்டால் லைசென்ஸ் வாங்க வேண்டும். என் கம்ப்யூட்டர் வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் பெட்ஷீட் கணக்கும் அதில்தான் ஓடுகிறது, அப்போது இது வீடா கடையா என்று மனசு கொஞ்சம் உறுத்துகிறது. அந்த உறுத்தல் வேண்டாம் என்பவர்களுக்கு வின்டிர்ஸ்டாட் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸ், யாருக்கும் இலவசம், 2003-இலிருந்து இருக்கிறது, அதே கட்டப் படம். பழைய பதிப்பில் ஸ்கேன் ஓடும்போது வரிக்கு வரி, பழைய வீடியோ கேமில் வருகிற பேக்மேன் குட்டிக் குட்டியாக வாயைத் திறந்து மூடிக்கொண்டு போகும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், அவ்வளவு நேரம் எடுக்கும். புதிய பதிப்பு அதைவிட வேகம். குடோனில் இருக்கிற கம்ப்யூட்டரில் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

எதையும் இன்ஸ்டால் செய்ய மனமில்லை என்றால், விண்டோஸிலேயே இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்து விடுங்கள், டெம்ப் ஃபைலையும் முப்பது நாள் பழைய ரீசைக்கிள் பின்னையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் தங்கச்சி கல்யாணம் மூன்று இருக்கிறது என்று அது உங்களிடம் சொல்லாது.

இப்போது 108 ஜிபி காலி, பட்டை நீலமாக இருக்கிறது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இத்தனை எடம் கெடக்குதல்ல, அப்ப நம்ம பெரியம்மாளோட எழுதிங்கச் சீர் கேசட்ட சிடி போட்டு வெச்சிருக்கறமே, அதையும் இதுல ஏத்திரு கண்ணு" என்று சொல்லிவிட்டு பீரோ சாவியை எடுக்கப் போய்விட்டார். இந்தக் கம்ப்யூட்டரில் சிடி போடுகிற இடமே கிடையாது என்று இன்னும் நான் சொல்லவில்லை.